நியூஜெர்சிப் பந்தும் சந்தவாசல் மண்ணும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் கண்ணமங்கலம் தாண்டியதும், வலப்புறம் ஜவ்வாது மலை கூடவே வரத் தொடங்குகிறது. அடிவாரத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் இறங்கி வண்டி மாறுகிற இடம் சந்தவாசல். படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்களும் இங்கேதான் திரும்பவேண்டும். ஆடி பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் இந்த முக்கு திணறிப்போகும். முதல் நாள் மதியத்திலிருந்தே டாடா ஏஸ் வண்டிகளில் மஞ்சள் புடவைகளும், பொங்கல் பானைகளும், வேப்பிலைக் கட்டுகளும் வரத் தொடங்கிவிடும். அப்படியொரு ஆடி வியாழக்கிழமையில் நானும் என் அக்கா மகளும் வந்து இறங்கினோம்.

அவளுக்குப் பதினாறு வயது. பிறந்து வளர்ந்தது நியூஜெர்சியில். அவளுடைய அப்பாவுக்குச் சொந்த ஊர் இது. அப்பாவைப் பெற்ற ஆயா இன்னும் இங்கேதான் இருக்கிறார். ஆயாவுக்குக் கொண்டுவந்த விட்டமின் மாத்திரைகளுக்கும் பாதாம் பொட்டலங்களுக்கும் நடுவே, பெட்டியில் காற்று இறக்கிய பந்து ஒன்று, கைப்பம்பு, ஆரஞ்சு நிறக் கூம்புகள், அடியில் குமிழ் வைத்த ஷூ. கிளப் பயிற்சியாளர் கோடைக்கென்று கொடுத்தனுப்பிய அட்டவணை போனில் இருந்தது. என்றைக்கு எத்தனை ஓட்டம், பந்தை எத்தனை தட்டு, எல்லாம் அதில் உண்டு. பள்ளி அணிக்கான தேர்வு ஆகஸ்டில். விடுமுறை என்பது பெயருக்குத்தான்.

“ஏன் கண்ணு, அங்க உங்க ஊர்ல விளையாடற எடமே இல்லியா, இங்க தூக்கினு வந்துட்ட?” என்று ஆயா கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே பந்துக்குக் காற்றடித்தாள்.

நாங்கள் வந்த வேளை அவள் வாழ்க்கையில் முக்கியமான வேளை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, முதல் பிரிவுக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஒரு மாணவியைப் பத்தாம் வகுப்பு முடிந்து வருகிற ஜூன் 15 முதல்தான் தாங்களாகத் தொடர்புகொள்ளலாம். அதற்கு முன் அவள் எத்தனை கடிதம் எழுதினாலும் பதில் வராது. அவளுடைய ஜூன் 15 அப்போதுதான் கடந்திருந்தது. நியூஜெர்சியில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை. ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் அவள் சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஏறுவாள்.

இந்தப் பாதை எப்படிப் போகிறது என்பதை அக்கா வீட்டில் தங்கியபோது பார்த்திருக்கிறேன். ஐந்து வயதில் சனிக்கிழமை காலை, ஊர்ப் பூங்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நிறச் சட்டை. பந்து எங்கே போகிறதோ அங்கே அத்தனை பேரும் ஓடுவார்கள். எட்டு ஒன்பது வயதில் தேர்வு வைத்து, வெளியூர் போய் ஆடுகிற அணி. பன்னிரண்டு பதின்மூன்றில் கிளப். பெண்களுக்கு அதில் உயர்ந்த படிகளில் ஒன்று, 2009இல் தொடங்கிய இ.சி.என்.எல். என்ற லீக். கிளப் சந்தா, சீருடை, விமானச் சீட்டு, ஓட்டல் அறை என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் பெற்றோர் பையிலிருந்து போகும். திறமை இருந்தும் பணம் இல்லாததால் நின்றுபோகிற பிள்ளைகள் அங்கே நிறைய. அக்கா வாரக்கடைசிகளில் பக்கத்து மாநிலம் வரை காரோட்டிப் போய், மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, திரும்புகிற வழியில் மகளை வேதியியல் படிக்கவைப்பார். பெரிய போட்டிகளில் எதிர் ஓரத்து நாற்காலிகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் குறிப்பேட்டோடு இருப்பார்கள். கிளப்புக்குக் கட்டுகிற பணத்தில் பாதி அந்த நாற்காலிகளுக்காகத்தான்.

கூமோன் கணக்கு வகுப்பும், ஸ்பெல்லிங் பீயும், பரதநாட்டிய அரங்கேற்றமும் நிறைந்த புலம்பெயர் தமிழ் வீடுகளுக்குள் கால்பந்து எப்படி நுழைந்தது? அங்கே விளையாட்டு கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் காரணம். நன்றாக ஆடுகிற பெண்ணுக்குக் கல்லூரி இடம் தருகிறது. சில நேரம் கட்டணத்தையும் ஏற்கிறது. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. ஆனாலும் பயிற்சியாளர் ஒரு பெயரைக் கேட்டால் சேர்க்கைக் குழு அந்த விண்ணப்பத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கும். படிப்பா ஆட்டமா என்று எந்த வயதிலும் பிரித்துத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது. தமிழ்ப் பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த ஏற்பாடு பெண்களுக்குக் கிடைத்தது ஒரு கல்விச் சட்டத்தால். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1972இல் டைட்டில் நைன் வந்தது. அதன் வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. ஆனால் பள்ளி மைதானமும் கல்விதானே என்று சட்டம் அங்கேயும் போனது. 1971இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் 700 பேர். இன்று 3,80,000 பேர் அளவில் ஆடுகிறார்கள். 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை அந்நாட்டுப் பெண்கள் உலகக் கோப்பை வென்றது இந்தக் கூட்டத்திலிருந்துதான். முதல் பிரிவில் ஓர் ஆண்கள் அணிக்கு 9.9 உதவித்தொகைகளே என்றிருந்தபோது பெண்கள் அணிக்கு 14 தந்தார்கள். 2025இல் ஒரு நீதிமன்றத் தீர்வு அந்தக் கணக்கை மாற்றி, உதவித்தொகை வரம்பை எடுத்துவிட்டு, அதை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 28 பேர் என்று நிர்ணயித்தது. ஆட்களைக் குறைக்கவேண்டிய கல்லூரிகள் புதியவர்களை எடுக்கத் தயங்குகின்றன. மொட்டை மாடியில் அவள் பேசிய பேச்சில் பாதி இதைப் பற்றித்தான். பள்ளியில் ஆடுகிற பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிக்குப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆயா எங்களைப் படவேட்டுக்கு அழைத்துப் போனார். சம்புவராயர்களின் தலைநகரம் இது என்பதற்கு இன்று மிச்சமிருப்பவை வயல்களுக்கு நடுவே அங்கங்கே நிற்கும் கோயில்கள். பல மண்ணில் புதைந்து கிடந்து மீட்டெடுக்கப்பட்டவை. யோக ராமர் கோயிலில் ராமர் வில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமார் சுவடியைப் பிரித்துவைத்திருக்கிறார். “கடவுளுக்கும் ஹோம்வொர்க்கா?” என்றாள் இவள். அம்மன் கோயில் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்று வெளியே வந்து, வாழைத் தோப்புகளுக்கு நடுவே செண்பகத்தோப்பு அணை வரை போனோம். கமண்டல நாகநதியை மறித்துக் கட்டியது. மலையில் மழை இல்லாததால் தண்ணீர் அடியில் கிடந்தது.

அணைக்கரையில் பெரியப்பா ஒருவர் அவளைக் கேட்டார்: “என்னம்மா, இந்தியாவுக்கு ஆடுவியா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆடமுடியாது என்பதுதான் பதில். அவளிடம் இருப்பது அமெரிக்கக் கடவுச்சீட்டும் வெளிநாட்டு இந்தியர் அட்டையும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு இங்கே வரலாம், தங்கலாம், படிக்கலாம். இந்தியச் சட்டையை மட்டும் போடமுடியாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே தேசிய அணியில் ஆடலாம் என்பது 2008 முதல் அரசின் நிலைப்பாடு. இரட்டைக் குடியுரிமையும் இங்கே கிடையாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்துதான் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் ரயன் வில்லியம்ஸும் 2025இல் தன் நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெற்றார். தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது ஒரு கணக்கு. கல்லூரிக்குப் போகவேண்டிய பதினாறு வயதுப் பெண்ணிடம் அதை யார் கேட்பது?

அண்டை நாடுகள் இப்படி இல்லை. இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் வங்கதேசச் சட்டையில் இந்தியாவுக்கு எதிராகவே இறங்கினார். கோல் இல்லாமல் முடிந்த ஆட்டம். இலங்கை அணியில் ஸ்வீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஆடுகிறார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் கேள்வியே எழவில்லை. தமிழர்கள் அந்நாட்டுக் குடிமக்களாகவே ஆடினார்கள். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியில் இருந்தார். அந்நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. கே. ராஜகோபால் பயிற்சியளித்த மலேசிய அணி 2010இல் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வென்றது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி எண்பதுகளின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்கு ஆடப் போனார்.

பெரியப்பாவுக்கு இவ்வளவும் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “அப்ப லண்டன்ல நம்ம பசங்க ஏன் யாரும் இல்ல?” சரியான கேள்வி. ஒருவர் இருக்கிறார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து வடக்கு வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன், சிறுவயதில் லிவர்பூல் கிளப்பின் அகாடமியில் இருந்தவர். 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லியின் முதன்மை அணிக்கு இறங்கினார். பிரிட்டனின் தொழில்முறைக் கால்பந்தில் முதல் தமிழர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள். பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் நாட்டில் முதல் ஆள் 2024இல்தான் வருகிறார் என்றால், அங்கே பாதை வேறு மாதிரி போகிறது. ஒன்பது வயதிலேயே கிளப் பிள்ளையைப் பதிவு செய்துகொள்கிறது. பதினாறில், இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சிக்கு வருகிறாயா என்று கேட்கிறது. படிப்பும் கூடவே உண்டு என்றாலும் வாரத்தின் பெரும்பகுதி பந்துக்குத்தான். பதினெட்டில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பொதுத்தேர்வு எழுதுகிற வயதில் இப்படியொரு சீட்டை எடுக்க எந்தத் தமிழ் அப்பா ஒப்புக்கொள்வார்? அமெரிக்கப் பாதையில் பந்து நின்றுபோனாலும் கையில் பட்டம் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அக்கா மடக்கு நாற்காலியில் போய் உட்கார்கிறார்.

அன்று மாலை பள்ளி மைதானத்துக்குப் போனோம். பையன்கள் ஒரு மூலையில் வாலிபால், இன்னொரு மூலையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். மண் கட்டாந்தரை, மழை பெய்தால் மட்டும் இளகும். செயற்கைப் புல்லில் ஆடிப் பழகியவளுக்கு முதல் தட்டிலேயே பந்து நாலடி தள்ளி எகிறியது. குமிழ் ஷூ தரையில் பிடிக்கவே இல்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஆடப் பார்த்து, சரளைக் கல் குத்தி நொண்டினாள். மதில் ஓரமாக நின்ற பெண்கள் சிரித்தார்கள். கோ-கோ பயிற்சிக்கு வந்தவர்கள். குறுவட்டப் போட்டிகள் நடக்கிற பருவம் அது. ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வெறுங்காலால் பந்தை மிதித்து நிறுத்தினாள். பந்தைக் கடத்தத் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை. ஆனால் கோ-கோவில் விரட்டுகிறவளுக்குப் போக்குக் காட்டிய இடுப்பு அது. இடம் போவதுபோல் சாய்ந்து வலம் போனாள். பத்து வருடம் பயிற்சி எடுத்தவள் அவளிடமிருந்து பந்தை எடுக்கத் திணறினாள். கால் மணி நேரத்தில் கூம்புகள் கோல் கம்பங்களாகிவிட்டன. பக்கத்துக்கு ஐந்து பேர்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: “இது ஆடுனா அங்க காலேஜ்ல சீட்டு தருவாங்களாக்கா?”

“கொஞ்சம் பேருக்கு. எல்லாருக்கும் இல்ல,” என்றாள் இவள், தன் தமிழைத் தேடித் தேடி.

“இங்கயும் அப்படித்தான்.”

பி.டி. சார் விளக்கினார். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகவேண்டும். மாநில அணியில் தேர்வாகித் தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் போனால் ஒரு படிவம் கிடைக்கும். படிவம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அதற்குத் தரவரிசை உண்டு. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. “எதுக்கு ஆடுறன்னு கேட்டா சர்டிபிகேட்டுக்குன்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். அந்த சர்டிபிகேட்ட காட்டித்தான் வீட்ல பர்மிஷன் வாங்குறாங்க,” என்றார்.

விளையாட்டை விளையாட்டுக்காக ஆடவேண்டும் என்று பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களின் வீட்டில் பெண் பிள்ளைகள் மைதானத்துக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்டு நிற்பதில்லை. பள்ளியின் பெயரைச் சொல்லித்தான் அமெரிக்கப் பெண்கள் 1972க்குப் பிறகு மைதானத்தில் கால் வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் அதே கதை. கடலூரில் சுனாமிக்குப் பிறகு ஆதரவற்ற பெண்களுக்குக் கால்பந்து கற்றுத்தந்த மாரியப்பன் என்ற பயிற்சியாளரின் அமைப்புக்குப் பெயரே இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. அதே கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் ஹரியானாவை வென்று மீண்டும் ஆனார்கள். சீட்டும் வேலையும் ஆட்டத்தைக் கெடுத்துவிடவில்லை. அவை இல்லாமல் அந்தப் பெண்களில் பலர் பூப்பெய்திய கையோடு மைதானத்தை விட்டுப் போயிருப்பார்கள்.

சார் பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் எழுந்து ஓடினார்கள். மலையடிவார ஊர்களுக்குப் போகிற பேருந்து வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். ஆட்டத்தில் ஆறு பேர் குறைந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் மூன்று பேரும் இவளும் கொஞ்ச நேரம் பந்தைத் தட்டிவிட்டுக் கலைந்தார்கள். “தினமும் இதான் கதை. கால்பந்துக்குப் பதினோரு பேர் சேர்க்கறது கஷ்டமில்ல. அஞ்சு மணிக்கு மேல நிறுத்தி வைக்கறதுதான் கஷ்டம்,” என்றார் சார்.

சனிக்கிழமை ஆரணி போனோம், அக்காவுக்குப் புடவை எடுக்க. ஆரணியின் பெயர் வெளியே தெரிவது பட்டாலும் அரிசியாலும். காலையில் போனால் நெசவாளர் தெருக்களில் தெருவையே அடைத்துப் பாவு நீட்டியிருப்பார்கள். வெயில் ஏறுமுன் சுருட்டிவிடவேண்டும். ஒரு வீட்டில் குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன்னைப் பத்து வயதில் தார் சுற்ற உட்காரவைத்ததாகச் சொன்னார். அவருக்குப் பள்ளி அதோடு சரி. அவருடைய பிள்ளைகள் யாரும் தறிக்கு வரவில்லை. இரண்டு பேர் சென்னையில். மகள் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள்.

தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. நைக்கிக்கு ஷூ தைத்து ஏற்றுமதி செய்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அக்கா மகள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அவள் ஷூ எங்கே தைத்ததோ தெரியாது. நாக்குப் பகுதியில் இருந்த எழுத்து அழிந்திருந்தது. பெரியவரின் மகள் நன்றாகக் கபடி ஆடுவாளாம், பத்தாம் வகுப்பு வரைக்கும். பிறகு ஏன் விட்டாள் என்று கேட்டேன். “இருட்டிப்போயிடும்மா. யாரு போயி இட்டாறது?” என்றார்.

இப்போது அவளை யார் அழைத்துப் போகிறார்கள்? கம்பெனிப் பேருந்துதான். ஆரணிப் பக்கச் சாலைகளில் விடியுமுன்னே அந்தப் பேருந்துகளைப் பார்க்கலாம். ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொள்ளும். ஷிப்டு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். எந்த அப்பாவும் இருட்டைக் காரணம் சொல்லி அந்த வேலையை நிறுத்தவில்லை, வண்டி நேரத்துக்கு வருகிறது என்பதால். நியூஜெர்சியில் அக்காவின் கார் செய்கிற வேலையும் இதுதான். பெண்ணைக் கொண்டுபோய்விட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது. அதைக் கழித்துவிட்டால் கிளப்பும் லீகும் பயிற்சியாளரின் குறிப்பேடும் இருந்து என்ன பயன்?

சந்தவாசல் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று ஊருக்குத் திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன். ஷூ, பந்து, வலை என்று தொடங்குவாள் என்று நினைத்தேன். “லேட் பஸ்,” என்றாள். அவள் பள்ளியில் பயிற்சி முடிகிற நேரத்துக்கென்றே இன்னொரு முறை பள்ளிப் பேருந்து ஓடுமாம்; கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் போவார்களாம்.

அகாடமி கட்ட நிலம் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். இதற்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே கிடையாது. மைதானம் இருக்கிறது, சார் இருக்கிறார், ஓடத் தெரிந்த கால்கள் இருக்கின்றன. மாலை ஆறரைக்கு அடிவார ஊர்களுக்கு ஒரு நடை விட்டால் போதும். மாற்றவேண்டியது பணிமனையில் இருக்கிற ஒரு கால அட்டவணையை. அதைக் கேட்டு ஊராட்சியில் ஒரு மனு கொடுக்கும்படி பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.